பழைய நிரல் பிக் எண்டியன், புதிய சிப் இரண்டையும் ஏற்கும்: எந்த பைட் வரிசையை எடுப்பது?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிறிய நிறுவனம். தொழிற்சாலைக் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டி ஒன்றைச் செய்கிறார்கள். பெட்டி எஸ்டி கார்டும் படிக்கும். அதற்குள் ஓடுவது அவர்களே எழுதிய சின்ன இயங்குதளம், மூல நிரல் எல்லாம் கையில் இருக்கிறது. பல வருடமாக 32-பிட் மிப்ஸ் சிப்பில், பிக் எண்டியனில் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசையில்) ஓடுகிறது. அந்த சிப் இனி கிடைக்காது என்பதால் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்ற இரண்டு செயலி வகைகளுக்கும் மாற்ற வேண்டும். இரண்டு கையேட்டிலும் ‘இரு பைட் வரிசையும் உண்டு’ என்று போட்டிருக்கிறது. குழுவின் மூத்த பொறியாளர், “பிக் எண்டியனிலேயே வைத்துக்கொள்வோம். பழைய நிரலைத் தொட வேண்டாம். நெட்வொர்க்கும் பிக் எண்டியன்தானே, வேகமாகவும் இருக்கும்” என்கிறார். அவர் சொல்வது சரிதானா, மாற்ற எத்தனை மாதம் பிடிக்கும் என்பது கேள்வி.

நீங்கள் பைட் வரிசையைப் பற்றிக் கேட்டாலும், முடிவு செய்ய வேண்டிய விஷயம் வேறு. பழைய நிரலுக்குள் பைட் வரிசை பற்றிய ஊகங்கள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றனவோ, அவற்றைத் தேடித் திருத்தும் செலவை இப்போதே கட்டிவிடுவதா, அல்லது சிப்பில் ஒரு பிட்டை மாற்றி அதைத் தள்ளிப்போடுவதா? என் பதில்: இப்போதே கட்டுங்கள், லிட்டில் எண்டியனுக்குப் போய்விடுங்கள். தள்ளிப்போட்டால் அந்தச் செலவு ஒவ்வொரு டிரைவரிலும் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்), ஒவ்வொரு புதிய போர்டிலும் வட்டியோடு திரும்ப வரும். ஒரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். நான் பினாங்கில் பல வருடமாக போர்டுகளை முதல்முறை எழுப்புவதும் டிரைவர் எழுதுவதுமாக இருப்பவன். மிப்ஸும் ஆர்மும் கைப்பழக்கம். ஐபிஎம் மெயின்பிரேம் பற்றிச் சொல்வது மட்டும் ஆவணங்களைப் படித்த அறிவு, கை வைத்ததில்லை.

இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி. 32-பிட் எண் நான்கு பைட் இடம் பிடிக்கும். பெரிய மதிப்புள்ள பைட் முதல் முகவரியில் உட்கார்ந்தால் பிக் எண்டியன், சிறிய மதிப்புள்ளது முதலில் உட்கார்ந்தால் லிட்டில் எண்டியன். நம் மலேசிய அடையாள அட்டையின் ஐசி எண்ணில் பிறந்த தேதி வருடம், மாதம், நாள் என்று வருகிறது. படிவங்களில் அதே தேதியை நாள், மாதம், வருடம் என்று நிரப்புகிறோம். எந்த வழக்கம் என்று தெரியாதவரிடம் 05-06-07 என்று நீட்டும்போதுதான் குழப்பம் வருகிறது. ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண் முறை, இரண்டு இலக்கம் ஒரு பைட்) 12345678 என்ற எண் பிக் எண்டியன் நினைவகத்தில் 12 34 56 78 என்று கிடக்கும், லிட்டில் எண்டியனில் 78 56 34 12 என்று கிடக்கும். செயலி கணக்குப் போட எண்ணை வைத்துக்கொள்ளும் ரிஜிஸ்டருக்குள் வந்துவிட்டால் இரண்டும் ஒரே எண். கூட்டல், கழித்தல், ஒப்பீடு எதிலும் வித்தியாசம் இல்லை. ஒருவர் நான்கு பைட்டாக எழுதியதை இன்னொருவர் வேறு அளவிலோ வேறு வரிசையிலோ படிக்கும்போதுதான் வித்தியாசம் தலைகாட்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருவது எல்லாம் இதிலிருந்தே பிறக்கிறது.

இரண்டு வழக்கத்துக்கும் அவரவர் காரணம் இருந்தது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 பிக் எண்டியன். டேட்டாபாயிண்ட் 2200 என்ற எந்திரம் பிட் பிட்டாக வரிசையில் கணக்குப் போட்டது. கூட்டலில் மிச்சம் அடுத்த இடத்துக்கு ஏற வேண்டுமானால் சிறிய பைட் முதலில் வர வேண்டும். அதற்காகத் திட்டமிடப்பட்டு, 1972இல் இன்டெல் 8008 என்று வெளிவந்த சிப் அந்த வரிசையை எடுத்துக்கொண்டது. 1978இன் 8086 வழியாக இன்றைய பிசி வரை அது வந்துவிட்டது. (இன்டெல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியதும் அதே 1972இல்தான்.) மோட்டோரோலா 68000 பிக் எண்டியன். இணைய நெறிமுறைகளும் பிக் எண்டியனை எடுத்துக்கொண்டன. பிடிபி-11 என்ற பழைய கணினி இன்னும் விநோதம்: 16-பிட் எண்ணுக்கு லிட்டில் எண்டியன், ஆனால் 32-பிட் எண்ணை 34 12 78 56 என்று வைத்தது. யுனிக்ஸ் இயங்குதளத்தை அதிலிருந்து வேறு எந்திரத்துக்குக் கொண்டுபோனபோது ‘யுனிக்ஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் இரண்டிரண்டாக இடம் மாறி ‘நுக்ஸி’ என்று அச்சானதாகச் சொல்வார்கள். இந்தச் சிக்கலுக்கே நுக்ஸி என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆக, உங்கள் குழு இன்று சந்திப்பதை இயங்குதளத்தை முதன்முதலில் வேறு செயலிக்கு மாற்றியவர்களே சந்தித்துவிட்டார்கள்.

வேகத்தை முதலில் முடித்துவிடலாம். ‘நெட்வொர்க் பெட்டிக்கு பிக் எண்டியன் வேகம்’ என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மை. இன்று அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இணையத்தில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுக் கட்டு) முன்னால் வரும் ஐபி பதிப்பு 4 தலைப்பு வழக்கமாக 20 பைட். அதில் புரட்ட (பைட்களைத் தலைகீழ் வரிசையாக்க) வேண்டிய புலங்கள் மிகச் சில. முகவரி இரண்டும் ஒன்றா என்று பார்க்கப் புரட்டவே வேண்டாம், இரு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் போதும். பிழை வந்ததா என்று சோதிக்கும் செக்சம் கணக்கும் பைட் வரிசையைச் சாராதபடிதான் அமைந்திருக்கிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு புலங்களைப் புரட்ட ஆர்மில் பதிப்பு 6 முதல் ‘ரெவ்’ என்ற ஒற்றைக் கட்டளை உண்டு. இன்டெல் 486இலேயே அப்படி ஒன்று வந்துவிட்டது. ரிஸ்க்-ஃபைவில் மட்டும் கவனம்: அந்தக் கட்டளை அடிப்படைத் தொகுப்பில் கிடையாது, ‘இசட்பிபி’ போன்ற நீட்டிப்பில்தான் இருக்கிறது. உங்கள் சிப்பில் அது இல்லாவிட்டால் கம்பைலர் (மூல நிரலைச் செயலியின் கட்டளைகளாக்கும் கருவி) பிட்களைத் தள்ளும் சில ஷிப்ட் கட்டளைகளாக எழுதும். அப்படி எழுதினாலும், பாக்கெட் கேஷ் என்ற வேக நினைவகத்தில் இல்லாமல் பிரதான நினைவகத்திலிருந்து வரக் காத்திருக்கும் நேரத்தின் முன்னால் அது பொருட்டல்ல. உங்கள் பெட்டியில் எத்தனை விழுக்காடு வித்தியாசம் வரும் என்று என்னால் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். வடிவமைப்பையே தீர்மானிக்கும் அளவுக்கு வராது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உண்மையான விஷயம் பஸ்ஸில், அதாவது செயலியையும் சாதனங்களையும் இணைக்கும் கம்பித் தொகுப்பில் இருக்கிறது. பிசிஐ, யுஎஸ்பி இரண்டும் லிட்டில் எண்டியனில் வரையறுக்கப்பட்டவை. ஆர்ம் சிப்களில் வெவ்வேறு நிறுவனங்களிடம் வாங்கிச் சேர்க்கும் ஈதர்நெட், எஸ்டி கார்டு, டிஎம்ஏ (செயலியின் உதவி இல்லாமல் தரவை நகர்த்தும் பகுதி) போன்ற வடிவமைப்புகளும் பெரும்பாலும் லிட்டில் எண்டியன் செயலியை எதிர்பார்த்துச் செய்தவை. பிக் எண்டியன் செயலியை இப்படிப்பட்ட 32-பிட் பஸ்ஸில் இணைக்கும்போது வன்பொருள் வடிவமைப்பவருக்கு இரண்டே வழி. ஒன்று, முகவரியைக் காப்பாற்றுவது: 0ஆம் முகவரியில் இருந்த பைட் மறுபக்கமும் 0ஆம் முகவரியிலேயே இருக்கும். இன்னொன்று, எண்ணின் மதிப்பைக் காப்பாற்றுவது: செயலியின் மேல் பிட் சாதனத்தின் மேல் பிட்டோடு நேராக இணையும். முதல் வழியில் எழுத்துத் தொடரும் பாக்கெட்டும் ஒழுங்காகப் போகும், ஆனால் சாதனத்தின் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரைப் படித்தால் எண் புரண்டிருக்கும். இரண்டாம் வழியில் ரிஜிஸ்டர் ஒழுங்காக இருக்கும், ஆனால் பாக்கெட் நான்கு நான்கு பைட்டாகப் புரண்டுவிடும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் கம்பி இணைப்பு கிடையாது. கடந்து போகும் நான்கு பைட் ஒரு எண்ணா, நான்கு எழுத்தா என்பது கம்பிக்குத் தெரியாதே.

இது ஏட்டு விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். பிக் எண்டியனில் ஓடிய ஒரு போர்டை எழுப்பும் வேலையில் நான் இருந்தபோது (செய்தவர் பெயர் வேண்டாம்) சாதனத்தின் அடையாள எண், நிலை ரிஜிஸ்டர், குறுக்கீடு எல்லாமே சரியாக வந்தன. எல்லோரும் டிரைவர் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம். டிஎம்ஏ வழியாக ‘12345678’ என்ற எட்டு எழுத்தை அனுப்பினால் மறுமுனையில் ‘43218765’ என்று வந்தது. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது: செயலியையும் சாதனத்தையும் இணைத்த பாலம் என்ற சுற்று மதிப்பைக் காப்பாற்றும் வகை. அதன் பிறகு ஒவ்வொரு பாக்கெட்டையும் அனுப்பும் முன்னும் பெற்ற பின்னும் நான்கு நான்காகப் புரட்ட வேண்டியதாயிற்று. நீளம் நான்கால் வகுபடாத பாக்கெட்டுக்குத் தனிக் கவனிப்பு வேறு. வேகத்துக்காக பிக் எண்டியன் என்று ஆரம்பித்து, பாக்கெட்டின் ஒவ்வொரு பைட்டையும் செயலியால் தொடும் நிலைக்குப் போய்விட்டது. உங்கள் மூத்தவரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: புதிய சிப்பில் செயலிக்கும் சாதனங்களுக்கும் நடுவே உள்ள பாலம் எந்த வகை? சிப் விற்பவரிடம் இதற்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் பிக் எண்டியன் பற்றிப் பேச்சே வேண்டாம்.

‘இரு வரிசையும் உண்டு’ என்று கையேடு சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்ம் கோர்ட்டெக்ஸ்-எம் கருக்களில் பைட் வரிசை சிப் செய்பவர் தேர்ந்தெடுப்பது. வாங்கியவர் நிரலால் மாற்ற முடியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பாதுகாப்பு வகை சிப்களில் டிஎம்எஸ்570 பிக் எண்டியன், அதன் உறவான ஆர்எம்48 லிட்டில் எண்டியன். எதை வாங்குகிறீர்களோ அதுதான். ஆர்மில் ‘பிக் எண்டியன்’ என்றாலும் ஒரே பொருள் கிடையாது. பதிப்பு 6க்கு முந்தைய முறையில் நினைவகம் முழுக்க 32-பிட் சொல்லாகப் புரண்டு தெரியும். பதிப்பு 6இல் வந்த முறையில் தரவு மட்டும் பிக் எண்டியன், கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியன். பழைய முறைக்குக் கட்டிய நிரலைப் புதிய முறைச் சிப்பில் அப்படியே போட்டால் முதல் கட்டளையிலேயே நின்றுவிடும். ரிஸ்க்-ஃபைவிலும் கட்டளைகள் எப்போதும் லிட்டில் எண்டியன்தான். தரவு வரிசையை மாற்றும் பிட்கள் உண்டு, ஆனால் அவற்றைச் செய்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் சிப் செய்பவருக்கு இல்லை. நிரந்தரமாகப் பூஜ்யத்தில் கட்டிவைக்கலாம். சந்தையில் வாங்கக்கூடிய சிப்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

வன்பொருளைத் தாண்டினால் மென்பொருள் சூழல். கணினியை எழுப்பும் யூஇஎஃப்ஐ பர்ம்வேர் லிட்டில் எண்டியன் செயலியைத்தான் ஏற்கும். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு 2021இல் பிக் எண்டியன் மிப்ஸை அது ஆதரிக்கும் செயலிகளின் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது; அதன் பிறகு அந்தப் பட்டியலில் நின்ற ஒரே பிக் எண்டியன், மெயின்பிரேமுக்கான எஸ்390எக்ஸ். ரிஸ்க்-ஃபைவில் பிக் எண்டியன் ஆதரவை லினக்ஸ் கருவில் சேர்க்கும் முயற்சியை 2025இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கடுமையாக எதிர்த்தார். நீங்கள் லினக்ஸ் ஓட்டவில்லை என்பது தெரியும். ஆனால் கம்பைலர், பிழைதிருத்தி, மறைகுறியாக்கத்துக்கான கிரிப்டோ நூலகம், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் நூலகம் எல்லாம் உலகம் எங்கே சோதிக்கிறதோ அங்கேதான் நன்றாக வேலை செய்யும். ஆர்ம் பிக் எண்டியனில் ஒரு நூலகம் பிசகினால் அதை முதலில் கண்டுபிடிப்பவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். ஆள் எடுக்கும் விஷயத்தையும் யோசியுங்கள். மலேசிய அரசு 2025 மார்ச்சில் ஆர்மோடு 10 ஆண்டுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்திருக்கிறது. அதில் பயிற்சி பெற்று உங்கள் நிறுவனத்துக்கு வரும் பிள்ளைகள் லிட்டில் எண்டியன் ஆர்மைத்தான் பார்த்திருப்பார்கள்.

உங்களைவிடப் பெரியவர்கள் இதே முடிவை எடுத்ததும் கண்ணெதிரே இருக்கிறது. ஆப்பிள் 1994இல் 68000 குடும்பத்திலிருந்து பவர்பிசிக்குப் போனபோது இரண்டுமே பிக் எண்டியன். 2006இல் இன்டெலுக்குப் போனபோது வரிசையே மாறியது. 2020இல் ஆர்முக்கு வந்தபோது லிட்டில் எண்டியனிலேயே தங்கிவிட்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, 2006இல் செயலியின் வரிசை மாறியும் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு அமைப்பு பிக் எண்டியனாகவே தொடர்ந்தது. எந்திரத்தின் வரிசை வேறு, கோப்பின் வரிசை வேறு என்று அவர்கள் பிரித்துவிட்டார்கள். ஐபிஎம்மின் கதை இன்னும் பொருத்தம். பவர் செயலி இரண்டு வரிசையும் ஏற்கும், லினக்ஸ் அதில் பல வருடம் பிக் எண்டியனில் ஓடியது. 2014 வாக்கில் பவர்8இல் லிட்டில் எண்டியன் லினக்ஸைக் கொண்டுவந்தபோது பழைய அழைப்பு விதிகளை இழுத்துக்கொண்டு வராமல் புதிய ஏபிஐ (ABI: கட்டி முடித்த பைனரிகள் ஒன்றோடொன்று பேசும் விதித் தொகுப்பு) ஒன்றையே வகுத்துக்கொண்டார்கள். பிசிக்களின் எக்ஸ்86 செயலிக்கு எழுதிய மென்பொருளும் தரவும் சிரமமில்லாமல் வர வேண்டும் என்பது முக்கியக் காரணம். ஏபிஐ என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: பைட் வரிசை ஏபிஐயின் பகுதி. ஒருமுறை பைனரியாக வெளியே கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது; புதிய தளம் ஒன்றைத்தான் தொடங்க வேண்டும். சிப் மாறும் நேரத்தில் எப்படியும் எல்லா பைனரியும் புதிதாகக் கட்டப்படுகின்றன. மாற்றுவதற்கு இதைவிட மலிவான நேரம் உங்களுக்கு வராது.

இப்போது அந்த விலக்கு. அதே ஐபிஎம், தன் ஏஐஎக்ஸ், ஐபிஎம் ஐ என்ற இரண்டு இயங்குதளங்களையும் மெயின்பிரேமையும் இன்றுவரை பிக் எண்டியனில்தான் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் கையில் மூல நிரல் இல்லாத பைனரிகளும், நேரடியாக நினைவக வடிவில் எழுதிய பல பத்தாண்டுத் தரவுகளும் இருக்கின்றன. உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் (மூல நிரல் தொலைந்த நூலகம், வாடிக்கையாளர் தாமே எழுதி உங்கள் பெட்டியில் ஏற்றும் பைனரி, களத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் பிளாஷில் நினைவக வடிவிலேயே கிடக்கும் பதிவு) என் பதில் மாறலாம். அதிலும் கடைசியாகச் சொன்ன பிளாஷ் பதிவுக்கு மாற்றும் கருவி ஒன்று எழுதினால் போதும். பைனரிதான் உண்மையான தடை. உங்கள் கேள்வியில் எல்லா மூல நிரலும் கையில் இருப்பதாகச் சொல்லியிருப்பதால் இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சரி, எப்படி மாற்றுவது? எல்லையில் மாற்றுங்கள், உள்ளே மாற்றாதீர்கள். எல்லை என்றால் நெட்வொர்க், வட்டு, பிளாஷ், சாதன ரிஜிஸ்டர், டிஎம்ஏ குறிப்பேடு, இன்னொரு செயலியோடு பகிரும் நினைவகம். ஒவ்வொரு எல்லையிலும் வரிசை என்ன என்பதை ஒருமுறை எழுதி வையுங்கள், அது செயலியைப் பொறுத்து மாறவே கூடாது. லினக்ஸின் எக்ஸ்ட்2 என்ற வட்டுக் கோப்பு அமைப்பு ஆரம்பத்தில் 68000 எந்திரங்களில் அந்தச் செயலியின் வரிசையிலேயே வட்டில் எழுதியது. அந்த வட்டைக் கழற்றி பிசியில் போட்டால் படிக்காது. பிறகு எல்லா எந்திரத்திலும் லிட்டில் எண்டியன் என்று நிலைப்படுத்தினார்கள், சிக்கல் தீர்ந்தது. எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு அமைப்பு பிக் எண்டியன் எந்திரங்களில் பிறந்தது. இன்றும் எந்த எந்திரத்திலும் வட்டில் பிக் எண்டியன்தான். சிடி-ராமின் ஐஎஸ்ஓ 9660 இரண்டு பக்கமும் சண்டை வேண்டாம் என்று முக்கிய எண்களை இரண்டு வரிசையிலும் எழுதியது. எதை நிலைப்படுத்துகிறீர்கள் என்பது முக்கியமில்லை, நிலைப்படுத்துவதுதான் முக்கியம். அதனால் உங்கள் பெட்டியின் நெறிமுறையும் பிளாஷ் பதிவும் இன்று பிக் எண்டியன் என்றால் அப்படியே இருக்கட்டும், லிட்டில் எண்டியனாக்க வேண்டாம். ஆர்ம் போர்டில் நீங்கள் படிக்கப்போகும், போர்டில் என்னென்ன சாதனங்கள் உண்டு என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பே எந்தச் செயலியிலும் பிக் எண்டியன்தான். லிட்டில் எண்டியன் ஆர்ம் கோடிக்கணக்கில் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதைப் படிக்கும் நிரலை ‘இந்த எந்திரம் லிட்டில் எண்டியனாக இருந்தால் புரட்டு’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய ஒவ்வொரு இடத்திலும் சோதிக்கப்படாத ஒரு கிளை நிற்கும். நான்கு பைட்டைத் தனித்தனியாக எடுத்து, முதலாவதை 24 பிட், அடுத்ததை 16, அடுத்ததை 8 தள்ளி ஒன்றுசேர்த்தால் பிக் எண்டியன் எண் கிடைத்துவிடும். எந்தச் செயலியிலும் அதே நிரல், அதே விடை. எண் நான்கின் மடங்கான முகவரியில் இருக்க வேண்டும் என்ற அலைன்மென்ட் தொல்லையும் இல்லை. ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களின் புதிய பதிப்புகளும் இந்த வடிவத்தைக் கண்டுகொண்டு, சிப் அனுமதித்தால் ஒற்றை ஏற்றமாகவும் ஒற்றைப் புரட்டலாகவும் சுருக்கிவிடும். பழைய நிரல் மிகப் பெரிது என்றால், ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல புலங்களைச் சேர்த்த தரவு வகை) புலங்கள் நினைவகத்தில் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று அறிவிக்கும் வசதி ஜிசிசி 6 முதல் உண்டு. இடைக்கால ஊன்றுகோலாக அதைப் பயன்படுத்தலாம். அதைவிட நான் பரிந்துரைப்பது லினக்ஸ் செய்த வேலை: லிட்டில் எண்டியன் 32-பிட், பிக் எண்டியன் 32-பிட், சாதாரண 32-பிட் மூன்றுக்கும் தனித்தனி வகை வைத்து, ஒன்றை இன்னொன்றில் மாற்றாமல் போட்டால் ‘ஸ்பார்ஸ்’ என்ற சோதனைக் கருவி எச்சரிக்கும்படி செய்தார்கள். சின்ன இயங்குதளத்தில் இதே வேலையை ஒற்றைப் புலம் கொண்ட ஸ்ட்ரக்ட் வகையாலேயே செய்யலாம். கம்பைலரே பிடித்துக்கொடுக்கும்.

எல்லை தெரிந்த இடம், அங்கே தவறு பெரும்பாலும் உடனே காட்டிக்கொடுக்கும். எனக்குக் கவலை தரும் இடங்கள் உள்ளேதான் இருக்கின்றன. பிட் புலங்களை (ஒரு எண்ணுக்குள் சில பிட்களுக்கு மட்டும் பெயர் வைக்கும் சி மொழி வசதி) வைத்து வன்பொருள் ரிஜிஸ்டரையோ பாக்கெட் தலைப்பையோ வருணித்திருந்தால், கம்பைலர் அவற்றை அடுக்கும் திசையே மாறிவிடும். அவற்றை மாஸ்க், ஷிப்ட் ஆக்கிவிடுங்கள். ஒரு 32-பிட் எண்ணின் கீழ்ப் பாதியை எடுக்க 16-பிட் சுட்டியை அதன் மேல் வைத்துப் படித்திருந்தால் பிக் எண்டியனில் ஒன்று கூட்டிப் படித்திருப்பார்கள், இனி அது மேல் பாதியைத் தரும். 32-பிட் எந்திரத்தில் 64-பிட் கோப்பு நிலையை இரண்டு ரிஜிஸ்டரில் பிரித்து அனுப்பும் சிஸ்டம் கால் இருந்தால் எந்த ரிஜிஸ்டரில் மேல் பாதி என்பதும் வரிசையோடு மாறும். அசெம்பிளியில் எழுதிய நுழைவாயிலில் இதைத் தேடுங்கள். 32-பிட் சொற்களாகக் கையாண்ட பிட்மேப்பை வட்டில் எழுதியிருந்தால் 0ஆவது பிட் எந்த பைட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கையேடுகளிலும் கவனம் வேண்டும்: ஐபிஎம் வழக்கத்தில் மேல் பிட்டுக்குத்தான் 0 என்று எண், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் கையேடுகளில் கீழ் பிட்டுக்கு 0.

எழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பெட்டி எஸ்டி கார்டு படிக்கிறது என்றீர்கள். அந்தக் கார்டுகளில் இருக்கும் ஃபாட் கோப்பு அமைப்பின் நீண்ட பெயர்கள் 16-பிட் யூனிகோடில், லிட்டில் எண்டியனில் இருக்கும். பழைய நிரல் அதைப் பிக் எண்டியனுக்காகப் புரட்டியிருக்க வேண்டும், புதிய எந்திரத்தில் அதே புரட்டல் தொடர்ந்தால் தவறாகிவிடும். ‘அம்மா’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்துச் சோதியுங்கள். ‘அ’ யூனிகோடில் 2949, அதாவது 11, 133 என்ற இரண்டு பைட். புரண்டால் 34059, அது சீன எழுத்துகளின் எல்லைக்குள் விழும். ‘ம’ 2990, புரண்டால் 44555, அது கொரிய எழுத்து. புள்ளியும் துணைக்காலும் அப்படியே கொரிய எல்லைக்குள் போகும். ஒரு சீன எழுத்தும் நான்கு கொரிய எழுத்தும் திரையில் தெரிந்தால் கோப்பு கெடவில்லை, ஒரு புரட்டல் கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று அர்த்தம். யூடிஎஃப்-8இல் இந்தத் தொல்லையே கிடையாது, அது பைட் பைட்டாக வரையறுக்கப்பட்டது. உள்ளே எல்லாவற்றையும் யூடிஎஃப்-8இல் வைத்துக்கொண்டு ஃபாட், யுஎஸ்பி எல்லைகளில் மட்டும் மாற்றுங்கள்.

எண்களிலும் இப்படிச் சில முகங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். 1 வர வேண்டிய இடத்தில் 16777216 வந்தால் 32-பிட் புரட்டல். போர்ட் 80 என்பது 20480 ஆகத் தெரிந்தால் 16-பிட் புரட்டல். ஈதர்நெட்டின் 1500 என்ற அளவு 56325 ஆகத் தெரிந்தாலும் அதுவே. பதிவில் இவை தென்பட்டால் டிரைவரை முழுக்கப் புரட்டிப் பார்க்காமல் நேராக அந்தப் புலத்துக்குப் போகலாம்.

பழைய மிப்ஸ் கட்டமைப்பை உடனே தூக்கிப் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வேறு செயலிகளைப் போல நடிக்கும் கியூஇஎம்யூ மென்பொருளில் பிக் எண்டியன் மிப்ஸ் எந்திரத்தை எழுப்பி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகளை இரண்டு வரிசையிலும் ஓட்டுங்கள். ஒரே நிரல் இரண்டிலும் ஒரே விடை தந்தால்தான் பைட் வரிசை ஊகம் போய்விட்டது என்று நம்பலாம். லிட்டில் எண்டியனில் மட்டும் ஓட்டினால் தற்செயலாகச் சரியாக வரும் தவறுகள் நிறைய. 64-பிட் மாறியை 32-பிட் சுட்டி வழியாகப் படித்தால் எண் சிறியதாக இருக்கும்வரை லிட்டில் எண்டியனில் சரியான விடையே வரும், பிக் எண்டியனில் பூஜ்யம் வந்து காட்டிக்கொடுக்கும். நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளங்கள் பிக் எண்டியன் எந்திரங்களை இன்னும் விடாமல் வைத்திருப்பதில் இந்தப் பலனும் இருக்கிறது. விற்பனைக்கு லிட்டில் எண்டியன், சோதனைக்கு இரண்டும் என்று வைத்துக்கொண்டால் மூத்தவரின் பல வருட உழைப்பும் வீணாகாது. அவருடைய மிப்ஸ் கட்டமைப்புதான் உங்கள் அளவுகோலாக நிற்கும்.

எத்தனை மாதம் பிடிக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். நிரலைப் பார்க்காமல் அதைச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் ஒரு நாளில் ஓரளவு மதிப்பிட வழி உண்டு. முதலில் பிட் புலங்கள், யூனியன்கள், எழுத்துச் சுட்டியை எண் சுட்டியாக மாற்றும் இடங்கள், நினைவகத்தை அப்படியே பிளாஷிலோ சாக்கெட்டிலோ எழுதும் இடங்கள் என்று நான்கையும் மூல நிரலில் தேடி எண்ணுங்கள். பிறகு, சிப் விற்பவர் கொடுத்த பூட்லோடரும் முன்கூட்டியே கட்டிய நூலகங்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். ஈஎல்எஃப் (கட்டிய நிரலைச் சேமிக்கும் பரவலான வடிவம்) கோப்பு என்றால் ஹெக்ஸ் பார்வையில் திறந்து ஆறாவது பைட்டைப் பார்த்தால் போதும்: 1 என்றால் லிட்டில் எண்டியன், 2 என்றால் பிக் எண்டியன். அவர்கள் கொடுத்த எல்லாக் கோப்பிலும் 1 இருந்தால், பிக் எண்டியன் வழியில் அந்த நூலகங்கள் ஒன்றுகூட உங்களுக்குப் பயன்படாது. இந்த இரண்டு பட்டியலையும் மூத்தவர் முன் வைத்துப் பேசுங்கள்.